முதல் வீடு வாங்குறோம், நம்ம பக்கம் மட்டும் நிக்கிற புரோக்கர்னு ஒருத்தர் தேவையா?

ராயக்கோட்டை ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில இருக்கேன், வீட்ல அவங்க தர்மபுரில டீச்சர், அதனால வீடு தர்மபுரி டவுன ஒட்டியே பாக்குறோம், இலக்கியம்பட்டி, நல்லம்பள்ளி போற வழி எல்லாம். கட்டுன தனி வீடு, பட்ஜெட் 45 லட்சம். எங்க குடும்பத்துல பத்திரம் பண்ணி வீடு வாங்கப் போற மொத ஆளு நான்தான், அப்பா காலத்துல இருந்து வாடகைதான். இப்ப வீடு காட்டுற புரோக்கர் விக்கிறவர்கிட்டயும் கமிஷன் வாங்குறார், என்கிட்டயும் 1 பர்சண்ட் கேக்குறார். கம்பெனில ஒரு அண்ணன் சொல்றாரு, உனக்குன்னு தனியா ஒருத்தர பேசி வச்சுக்க, அவர் விக்கிறவர்கிட்ட ஒரு பைசா தொடக்கூடாதுன்னு மொதல்லயே பேசிருன்னு. நம்ம ஊர்ல இது நடக்குற காரியமா, இல்ல வீண் செலவா?

பாலக்கோடு அக்கா:
வேணாம் தம்பி. நான் வக்கீல் ஆபீஸ்ல பத்திரம் பாக்குற வேலைல இருக்கேன், அதனால சொல்றேன். புரோக்கர் யார் பக்கம்னு நீங்க பேர் வச்சாலும் அவருக்குக் காசு வர்றது கிரயம் முடிஞ்சாத்தான், "இந்த வீடு வேணாம் சார் விட்டுருங்க"ன்னு சொன்னா அவருக்கு அன்னைக்குப் பொழப்பு இல்ல, அப்படி இருக்குற ஒருத்தர் எப்படி உங்க ஆளு ஆவார்? இன்னொன்னு, 45 லட்சத்துக்கு முடிஞ்சா 45 ஆயிரம், 42க்கு கொறச்சுக் குடுத்தா 42 ஆயிரம், உங்களுக்கு 3 லட்சம் மிச்சம் பண்ணிக் குடுத்ததுக்கு அவருக்கு 3 ஆயிரம் நட்டம். அந்தக் காசுல ஒரு நல்ல வக்கீல் கிட்ட போங்க. நீங்க வீடு வாங்குனாலும் வாங்காட்டியும் அவர் அதே ஃபீஸ்தான் வாங்குவார், அதனாலதான் அவரால "வேணாம்"னு சொல்ல முடியும்.

கெலமங்கலம் ஆளு:
அக்கா சொல்றதுல பாதிதான் சரி. வக்கீல் பேப்பர்தான் பாப்பார். ஈசில, அதாவது வில்லங்கச் சான்றிதழ்ல, பதிவானது மட்டும்தானே வரும்? ஒரிஜினல் பத்திரத்த வட்டிக்காரர் கிட்ட கைமாத்தா வச்சு பணம் வாங்கிருந்தா அது ஈசில எங்க வரும், கோர்ட்ல கேஸ் ஓடுறது எப்பவும் அதுல வருமா, அண்ணன் தம்பிக்குள்ள காம்பவுண்டு சண்டை வருமா? இதெல்லாம் அந்தத் தெருவுல நாலு பேரத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் தெரியும். அப்புறம் தண்ணி. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃபுளோரைடு எவ்ளோ பிரச்சனைன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. அந்தத் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணி ஒழுங்கா வருதா, எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, வீட்டு போர் எத்தன அடி, கோடைல நிக்குதா, இத எந்த வக்கீல் வந்து பாப்பார்? மொதத் தடவ வாங்குறவனுக்கு என்ன கேக்கணும்னே தெரியாது, கூட நின்னு கேக்க ஒரு ஆளு கண்டிப்பா வேணும், காசு குடுத்தே வச்சுக்கலாம்.

பாலக்கோடு அக்கா:
தெருவுல விசாரிக்க புரோக்கர் எதுக்குங்க, தம்பி வீட்டுக்காரம்மாவ கூட்டிட்டு சாயங்காலம் அந்தத் தெருவுல போயி பக்கத்து வீட்டு அம்மாகிட்ட கேட்டா எல்லாம் சொல்லிருவாங்க. ஆனா அந்த அம்மாவுக்குத் தெரியாதது ஒன்னு இருக்கு, அதுலதான் எங்க ஆபீஸுக்கு வர்ற பாதி கேஸே. விக்கிறவரோட அக்கா தங்கச்சிங்க கையெழுத்து. பூர்வீக சொத்துன்னா பொண்ணுங்களுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்துருச்சு, அப்ப 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் இல்லன்னு இருந்துச்சு, 2005ல மத்திய சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் கல்யாணம் எப்ப ஆச்சுன்னு பாக்குற கதையே போச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட் அப்பா 2005ல உயிரோட இருந்தாரான்னு பாக்க வேணாம்னும் தெளிவா சொல்லிருச்சு. ஆனா இங்க இன்னும் "அவங்களுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பிட்டமே"ன்னு சொல்லி அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு வித்துடுறாங்க. புரோக்கருங்க வாரிசு சான்றிதழ கேக்கவே மாட்டாங்க, கேட்டா கிரயம் தள்ளிப் போயிரும். கடைசில சேலத்துல இருக்குற தங்கச்சி கேஸ் போடும்போது நிக்கிறது வாங்குனவங்கதான்.

நாலு ரோடு:
நான் தர்மபுரில இந்தத் தொழில்தான் பண்றேன், அதனால பொறுமையா எழுதுறேன். அக்கா, எல்லாரையும் ஒரே மாதிரி எழுதாதீங்க. மேல வச்சு விக்கிற ஆளுங்க இருக்காங்க, விக்கிறவர் 40 சொன்னா வாங்குறவர்கிட்ட 43 சொல்லி நடுவுல எடுக்குறது, தானே அக்ரிமெண்ட் போட்டுட்டு கை மாத்தி விடுறது, இதெல்லாம் நடக்குது, நான் மறுக்கல. ஆனா ஒரு பார்ட்டிய மாசக் கணக்கா கூட்டிட்டு சுத்துறோம், பெட்ரோல் எங்க காசு, காட்டுன வீட்ட எங்களுக்குத் தெரியாம நேரா போயி முடிச்சுட்டு போன் எடுக்காதவங்க எத்தன பேரு. இப்ப தம்பி கேட்டதுக்கு வர்றேன். தனியா உங்களுக்குன்னு ஒருத்தர வச்சா என்ன ஆகும் தெரியுமா, வீடு கைல வச்சிருக்குறவர் இன்னொரு புரோக்கர், உங்க ஆளு வந்தா வாங்குறவர் பக்கத்து கமிஷன் உங்க ஆளுக்குப் போயிரும், அதனால நல்ல வீட்ட உங்களுக்குக் காட்டவே மாட்டார், நேரா வர்ற பார்ட்டிக்குத்தான் காட்டுவார். சின்ன ஊரு இது. சென்னை மாதிரி ஆப்ல போட்டுத் தேடுற சமாச்சாரம் இங்க இன்னும் கொறச்சல்தான், வீடு விக்கிற சேதி டீக்கடைலயும் ஜெராக்ஸ் கடைலயும்தான் வருது.

மத்தூர்க்காரன்:
நான் இப்ப டெக்சாஸ்ல இருக்கேன், போன வருசம் இங்க வீடு வாங்குனோம், அதனால அந்தப் பக்கத்துக் கதைய சொல்றேன். இங்க வாங்குறவங்களுக்குன்னே தனி ஏஜெண்ட் உண்டு. ஆனா ரொம்ப வருசமா விக்கிறவர் குடுக்குற 5, 6 பர்சண்ட்ட ரெண்டு ஏஜெண்டும் பாதிப் பாதி பிரிச்சுக்குறதுதான் வழக்கம். அதாவது "என் ஆளு"ன்னு நாம நெனைக்கிறவருக்கு சம்பளம் எதிர்த்தரப்புல இருந்து, அதுவும் விலை ஏறுனா ஏறுற மாதிரி. இத எதிர்த்து வீடு வித்தவங்க கேஸ் போட்டு, கடைசில ரியல்டர்ஸ் சங்கம் 41.8 கோடி டாலருக்கு சமரசம் ஆகி, 2024 ஆகஸ்ட் 17ல இருந்து ஒரு வீட்ட சுத்திக் காட்டுறதுக்கு முன்னாடியே வாங்குறவரும் ஏஜெண்டும் எழுத்துல ஒப்பந்தம் போடணும், கூலி எவ்ளோன்னு அதுலயே எழுதணும்னு ஆயிருச்சு. நாங்களும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டோம். அந்த ஒரு பழக்கத்த மட்டும் நம்ம ஊருக்கு எடுத்துக்கலாம், எழுதி வாங்குறது. வாய்ப்பேச்சுல நிக்கிற வரைக்கும் யார் ஆளு யாருன்னு யாருக்கும் தெரியாது.

கெலமங்கலம் ஆளு:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். ரெரால, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல, பதிஞ்ச ஏஜெண்டா பாத்து எழுதிப் போட்டுக்கலாமே.

பாலக்கோடு அக்கா:
ரெரா இங்க ஒதவாதுங்க. 2016 சட்டப்படி ஏஜெண்ட் பதியணும்ங்கிறது ரெரால வர்ற புராஜெக்ட்ட வித்துக் குடுக்குறவங்களுக்குத்தான், 500 சதுர மீட்டருக்குள்ள, 8 வீட்டுக்குள்ள இருக்குற சின்ன புராஜெக்ட் அதுக்குள்ளயே வராது. தம்பி பாக்குறது ஒரு ஆளு கட்டிக் குடியிருந்து விக்கிற பழைய வீடு. ஆனா எழுதி வாங்குறது நல்ல யோசனைதான், அதுக்கு வேற சட்டம் இருக்கு, 1872 ஒப்பந்தச் சட்டம் 216வது பிரிவு. உங்களுக்குத் தெரியாம உங்க ஏஜெண்ட் அந்த வேலைல தனக்குன்னு தனியா லாபம் பாத்தா அத நீங்க கேட்டு வாங்கலாம். ஆனா அவர் உங்க ஏஜெண்ட்தான்னு காட்ட கைல ஒரு பேப்பர் இருக்கணும். எழுதித் தர்ற புரோக்கர் ஒருத்தர் கெடச்சா நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், இதுவரைக்கும் எங்க ஆபீஸ்ல நான் பாத்ததில்ல.

நாலு ரோடு:
நான் எழுதித் தர்றேன். ஆனா பர்சண்ட் கணக்குல இல்லாம மொத்தமா ஒரு தொகை பேசி, அதுல கொஞ்சம் முன்னாடியே குடுக்கணும், வீடு அமையாட்டியும் அது எனக்கு. இதுக்கு ஒத்துக்குற பார்ட்டி இருக்காங்களா சொல்லுங்க. எல்லாரும் "முடிஞ்சா பாத்துக்கலாம்"ன்னுதான் சொல்றாங்க, அப்புறம் முடிச்சு வைக்கப் பாக்குறான்னு எங்களத் திட்டுறீங்க.

ராயக்கோட்டை ரோடு:
அண்ணே நீங்க சொன்னது ஞாயம்தான், அது எனக்குத் தோணவே இல்ல. ஆனா கணக்கையும் பாருங்க. 45 லட்சத்துக்கு பேங்க் 80 பர்சண்ட்டுக்கு மேல தராது, 36 லட்சம், மீதி 9 லட்சம் கைல இருந்து. பத்திரச் செலவு 7 பர்சண்ட் முத்திரை, 2 பர்சண்ட் பதிவு, 4 லட்சத்து 5 ஆயிரம். இதுலயே 13 லட்சம் தாண்டிருச்சு. அதுக்கு மேல காட்டுறவருக்கு 1 பர்சண்ட், எனக்குன்னு ஒருத்தர், வக்கீல் வேற. பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா கொறையும்னு சொன்னாங்களே, அது வருமா? பேங்க் வக்கீல் எப்படியும் பாக்குறார்ல, அவர் போதாதா?

காவேரிப்பட்டணம்:
பொண்ணுங்க பேர்ல பதிவுக் கட்டணம் 1 பர்சண்ட் கொறச்சது 2025 ஏப்ரல்ல இருந்து, அது 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான். உங்களுக்கு வராது.

பாலக்கோடு அக்கா:
பேங்க் வக்கீல் பாக்குறது பேங்க் காசு திரும்ப வருமான்னு. அவர் ஒப்பீனியன் உங்க கைக்குக்கூட ஒழுங்கா வராது. பஞ்சமி நிலமா (பட்டியல் சாதி மக்களுக்குன்னு ஒதுக்குன நிலம்), கோயில் நிலமா, பவர் (தனக்குப் பதிலா இன்னொருத்தர் விக்கலாம்னு எழுதிக் குடுக்குற பத்திரம்) வச்சு விக்கிறாங்களா, பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரா, இதையெல்லாம் உங்க பக்கத்துல உக்காந்து புரியிற மாதிரி சொல்றதுக்கு ஒருத்தர் வேணும். பவர் குடுத்தவர் எறந்துட்டா பவரும் அன்னையோட போச்சு, அதத் தெரியாம முடிச்சவங்க இருக்காங்க. செலவு அதிகம்னா எதக் கொறைக்கணுமோ கொறைங்க, இத மட்டும் கொறைக்காதீங்க.

கெலமங்கலம் ஆளு:
தம்பி, நான் இன்னும் சொல்றது ஒன்னுதான். விலை பேசும்போது வக்கீல் கூட வர மாட்டார். விக்கிறவர் முன்னாடி உக்காந்து நீங்களே பேசுனா உங்க ஆசை மொகத்துலயே தெரிஞ்சுரும், வீட்டுக்காரம்மா வேற கிச்சன் நல்லா இருக்குன்னு சொல்லிருவாங்க, அதோட பேரம் முடிஞ்சுது. நாலு ரோடு அண்ணன் மாதிரி தொகை பேசி எழுதித் தர்றவர் கெடச்சா விடாதீங்க, அவர் 1 லட்சம் கொறச்சுக் குடுத்தாலே அவரோட கூலி அதுலயே வந்துருது.

பாலக்கோடு அக்கா:
பேரத்துக்கு மாமா, பெரியப்பா யாராவது போதும். அந்தக் காலத்துல இருந்து நம்ம ஊர்ல அப்படித்தான நடக்குது.

கெலமங்கலம் ஆளு:
மாமாவுக்கு அந்தத் தெருவுல போன மாசம் என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியுமாங்க்கா? தெரியாம 5 லட்சம் சேத்துக் குடுத்துட்டு "மாமா பேசுனாரு"ன்னு மனசத் தேத்திக்க வேண்டியதுதான். கைடுலைன் வேல்யூ நெட்ல இருக்கு, அது கவர்மெண்ட் விலை, ஊர்ல நடக்குற விலை வேற.

ராயக்கோட்டை ரோடு:
ரெண்டு பேருக்கும் நன்றி. நான் யோசிச்சது இது. காட்டுற புரோக்கர அப்படியே வச்சுக்குறேன், அவர் விக்கிறவர் பக்கம்னே நெனச்சுக்கிட்டுப் பேசுவேன், அவருக்குப் பதிவு முடிஞ்ச அன்னைக்கு 1 பர்சண்ட். வக்கீல் என் செலவுல தனியா, 30 வருசத்து ஈசி, மூலப் பத்திரம், வாரிசு எல்லாம் அவர். தெருவ விசாரிக்கவும் விலை பேசவும் நாலு ரோடு அண்ணன் மாதிரி ஒருத்தர தொகை பேசி எழுதி வாங்கிக்கலாம்னு இருக்கேன், வீடு அமையலன்னாலும் குடுக்குறதுக்குத் தயார்தான். ஆனா இப்ப ஒரு அவசரம், நேத்து பாத்த வீட்டுக்கு "வேற பார்ட்டி வந்துட்டாங்க, இன்னைக்கே 50 ஆயிரம் டோக்கன் போடுங்க"ன்னு சொல்றாங்க. போடலாமா?

நாலு ரோடு:
போடாதீங்க தம்பி. நானே அந்தத் தொழில்ல இருந்துட்டு சொல்றேன், பத்திரம் ஜெராக்ஸ் கைக்கு வராம டோக்கன் கேக்குற எடத்துல ஒரு ரூபா குடுக்கக் கூடாது.

பாலக்கோடு அக்கா:
ஆமா. ஜெராக்ஸ் வந்து வக்கீல் பாத்ததுக்கு அப்புறம் குடுத்தாலும் விக்கிறவர் அக்கவுண்ட்டுக்கு மட்டும் போடுங்க, புரோக்கர் கைல வேணாம். அட்வான்ஸ் பெருசா போகும்போது கிரய ஒப்பந்தத்த பதிஞ்சிருங்க, 2012 டிசம்பர் 1ல இருந்து தமிழ்நாட்டுல அது கட்டாயம், 20 ரூபா பத்திரத்துல எழுதி வச்சுக்கிட்டு இருக்காதீங்க.

ராயக்கோட்டை ரோடு:
சரிங்கக்கா, ஜெராக்ஸ் கேட்டு போன் பண்ணிட்டேன். "நாளைக்குத் தர்றேன்"னாங்க. நாலு ரோடு அண்ணே, உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க.