குழந்தைகள் காப்பகச் செலவு: வேலைக்குப் போகும் பெற்றோருக்கு எந்த உதவி உண்மையில் பயன்படும்?

கேட்பவர்: தக்கலையைச் சேர்ந்த ஒரு தாய்

நான் நாகர்கோவிலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்குத் தினமும் போய் வருகிறார்; அவருடைய ஆண்டுச் சம்பளம் 9 லட்சம் என்றாலும், தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. மூத்தவளுக்கு மூன்றரை வயது, இளையவனுக்கு ஒன்றேகால் வயது. இதுவரை இருவரையும் பார்த்துக்கொண்ட மாமியாருக்கு மூட்டுவலி அதிகமாகி, ஓடும் குழந்தையின் பின்னால் போக முடியாத நிலை வந்துவிட்டது. மருத்துவமனைக்கு அருகில் உள்ள காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். இருவரையும் சேர்த்தால் என் சம்பளத்தில் பாதி போய்விடும் என்பதால், வேலையை விட்டுவிடலாமே என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. அரசு உதவி, நிறுவனம் தரவேண்டிய உதவி, வரிச்சலுகை ஆகியவற்றில் எங்களுக்கு எது பொருந்தும்?

பதில்: மார்த்தாண்டத்திலிருந்து, தொழிலாளர் சட்டம் படித்தவர்

சகோதரி, முதலில் உங்கள் மருத்துவமனையில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே எண்ணிக்கைதான். ஐம்பது பெண்கள் இருந்தால்தான் இந்தக் கடமை என்று பல நிர்வாகங்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். ஆண், பெண் அனைவரும் இந்தக் கணக்கில் அடங்குவர். தாய் ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் நிர்வாகம் அனுமதிக்க வேண்டும்.

நிறுவனம் தன் வளாகத்திலேயே தனி அறை கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பொது வசதியைப் பகிர்ந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பணியிடத்திலோ அதிலிருந்து 500 மீட்டருக்குள்ளோ காப்பகம் இருக்க வேண்டும் என்றும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைச் சேர்க்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அதே காப்பகத்தோடு நிர்வாகம் ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி கேட்பதே நடைமுறைக்கு எளிது. கட்டணத்தை யார் கட்டுவது என்று சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை என்பதால், அந்தப் பேச்சை நீங்களே தொடங்க வேண்டியிருக்கும். தனியாகக் கேட்காமல், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள செவிலியர்களையும் மற்ற ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளின் வயதுப் பட்டியலோடு எழுத்து மூலம் மனு கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டதற்குப் பின்னால் எந்தச் சான்றும் இருக்காது.

பதில்: கல்குளம் பகுதி அங்கன்வாடிப் பணியாளர்

மூத்த பிள்ளைக்குப் பணம் கட்டிக் காப்பகம் தேட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. இரண்டு வயது நிறைந்த குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்கிறோம். முன்பருவக் கல்வி, மதிய உணவு, முட்டை எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆதார் அட்டையும் தடுப்பூசி அட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். இளையவனுக்கு இப்போது சத்துமாவு மட்டும் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். மாலையில் மையம் மூடிய பிறகு பிள்ளைகளை வைத்திருக்க எங்களால் இயலாது. அந்த இடைவெளிக்குத்தான் நீங்கள் வழி செய்ய வேண்டும். மூத்தவள் சாயங்காலம் வீட்டில் இருந்தால், ஓடிப் பிடிக்க வேண்டிய வயதைத் தாண்டிய அவளை மாமியாரால் சமாளிக்க முடியும் என்றே நினைக்கிறேன். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்கள் ஆறு மாதக் குழந்தையிலிருந்தே சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்று உள்ளதா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

கேட்பவர்

மிக்க நன்றி, அக்கா. அங்கன்வாடியில் இடவசதி எப்படியிருக்கும் என்ற தயக்கத்தினால் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தெரு முனையிலேயே ஒன்று இருக்கிறது, நேரில் போய்ப் பார்க்கிறேன். கணவர் வருமான வரியில் பழைய வரிமுறைக்கு மாறினால் காப்பகக் கட்டணத்தை வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிக்கலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் கூறினாராம். அது சரியா? கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் விண்ணப்பிக்கலாமா?

பதில்: நாகர்கோவில் வரிக் கணக்கர்

80சி பிரிவில் கழிக்க முடிவது முழுநேரக் கல்விக்கான பயிற்றுக் கட்டணம் மட்டுமே. மழலையர் பள்ளி, விளையாட்டுப் பள்ளி இரண்டும் அதில் அடங்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கான காப்பகக் கட்டணம் அடங்காது. அதற்கு மேல் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 9 லட்சத்தில் நிலைக்கழிவு (சம்பளம் வாங்குவோர் அனைவருக்கும் கிடைக்கும் பொதுக் கழிவு) 75,000 போக எஞ்சும் 8.25 லட்சத்துக்கு வரி எதுவும் இல்லை. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி கழிவு முழு 1.5 லட்சம் இரண்டும் போக 7 லட்சம் எஞ்சும். அதற்குக் கூடுதல் வரியோடு 54,600 ரூபாய் கட்ட வேண்டிவரும். வீட்டுக் கடன் வட்டி போன்ற பெரிய கழிவு வேறு இல்லாத நிலையில், பழைய முறைக்கு மாறினால் உங்களுக்கு இழப்புதான். மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், அதற்கும் வாய்ப்பில்லை.

கேட்பவர்

அப்படியானால் இளையவனின் கட்டணம் ஒன்றுதான் மீதி. எங்கள் மருத்துவமனையில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். மனு கொடுத்தும் நிர்வாகம் பதில் சொல்லாவிட்டால் எங்கே போவது?

பதில்: மார்த்தாண்டத்திலிருந்து

மனுவின் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான கால அவகாசம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பதில் வராவிட்டால், அந்த நகலை இணைத்து நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மனுவில் குழந்தைகளின் பெயரோடு தாய்மாரின் பணி நேரத்தையும் தவறாமல் எழுதுங்கள். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தேவை வேறு என்பதால், காப்பகத்தோடு ஒப்பந்தம் பேசும்போது அந்த விவரம் கட்டாயம் தேவைப்படும்.