நன்றாக இருந்த நாட்களைப் பற்றி டாக்டர் கேட்டபோது

எனக்கு அந்தச் சோர்வு முதல் தடவை வந்தது 19 வயதில். படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. நாளுக்கு 14 மணி நேரம் தூங்கினேன். விழித்திருந்தாலும் கையும் காலும் ஈயம் ஊற்றியதுபோலக் கனத்தன. இரண்டு மாதத்தில் தானாகச் சரியானது. அப்புறம் 21-இல், 23-இல், 24-இல் மறுபடியும் வந்தது.

ஒவ்வொரு தடவையும் டாக்டர்கள் சொன்னது டிப்ரஷன். அவர்கள் தப்பாகப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிப்போயின, நான் எதற்கும் உதவாதவன் என்ற நினைப்பு ஓயவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் அதைத்தான் சொன்னேன். பெருமனச்சோர்வாக (டாக்டர்கள் டிப்ரஷன் என்பது இதைத்தான்) இருந்தாலும், பைபோலாரில் (சோர்வும் மிதமிஞ்சிய வேகமும் மாறிமாறி வரும் நோய்) வரும் சோர்வாக இருந்தாலும் டாக்டர்கள் பார்க்கும் அறிகுறிப் பட்டியல் ஒன்றேதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலாவது தடவை மனச்சோர்வு மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம். பன்னிரண்டு மணிக்குப் படுத்தவன் மூன்று மணிக்கு எழுந்துவிட்டேன். களைப்பு துளியும் இல்லை. புத்தக அலமாரியை முழுதாக இறக்கி, அட்டையின் நிறம் பார்த்து அடுக்க ஆரம்பித்தேன். பாதியில் அது சரியில்லை என்று தோன்ற, எல்லாவற்றையும் திரும்ப இறக்கி எழுத்து வரிசைப்படி வைத்தேன். விடிந்ததும் வேலைக்குப் போய் நாலு பேர் வேலையைச் செய்தேன். குணமாகிவிட்டது என்று நினைத்து சந்தோஷத்தில் அழுதேன். டாக்டரிடம் போகவில்லை. நன்றாக இருப்பவன் எதற்குப் போக வேண்டும்?

பத்து நாளில் பேச்சு வேகம் கூடியது, யார் குறுக்கே பேசினாலும் எரிந்து விழுந்தேன். கேட்காதவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்தேன். அப்புறம் விழுந்தேன், முன்னைவிட ஆழமாக.

அக்காதான் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் சோர்வைப் பற்றிக் கொஞ்ச நேரம்தான் கேட்டார். "சரி, நல்லா இருந்த நாட்களைச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அக்கா பக்கம் திரும்பி, "கொஞ்சமா தூங்கிட்டு, மறுநாள் களைப்பே இல்லாம இருந்ததுண்டா?" என்று கேட்டார். அவள் உடனே, "வருஷத்துக்கு ரெண்டு தடவை வருமே டாக்டர். வீட்டில் அதுக்குப் பேரே இருக்கு, சுறுசுறுப்பு சீசன்" என்றாள். மாத்திரை எடுக்காத வருஷங்களிலும் அது வந்திருந்தது. சித்தப்பா மாதக்கணக்கில் அறைக்குள் கிடப்பார், திடீரென்று வீட்டையே தலைகீழாக்குவார் என்பதையும் அவள்தான் சொன்னாள். எனக்கு அது நோய்க்கதையாகவே தோன்றியதில்லை.

அந்த மாதிரி நிலை நாலு நாள் விடாமல் இருந்து, பார்ப்பவர்களுக்கே மாற்றம் தெரிந்தால் அதை ஹைப்போமேனியா என்பார்கள் என்று விளக்கினார். ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையையே குலைத்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ மேனியா. எனக்கு இருப்பது மேனியா இல்லாமல் சோர்வும் ஹைப்போமேனியாவும் வரும் பைபோலார் இரண்டாம் வகை. மனச்சோர்வு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, மனநிலையை நிலைப்படுத்தும் லாமோட்ரிஜின் மாத்திரையைத் தொடங்கினார். அதன் அளவை வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்றினார். தோலில் தடிப்பு கண்டால் அன்றைக்கே வரவேண்டும் என்று மூன்று தடவை சொல்லியனுப்பினார்.

இதே பாதையில் வந்தவர்கள் எழுதுங்கள். உங்களுக்கு எது கண்ணைத் திறந்தது?

*

என் கணவருக்காக எழுதுகிறேன். உங்களுக்காவது நடுவில் சந்தோஷம் இருந்தது. அவருக்கு அதுகூட இல்லை, வெறும் எரிச்சல்தான். கண்ணில் நீர் வழியும், ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டார், கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். "தலைக்குள்ள பத்து ரேடியோ ஓடுது, ஒண்ணையாவது நிறுத்து" என்பார். மேனியா என்றால் சிரித்துக்கொண்டு ஊர் சுற்றுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் இதைக் கோபக்காரரின் டிப்ரஷன் என்று விட்டுவிட்டோம். சோர்வும் வேகமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வரலாம், அதற்குக் கலப்பு நிலை என்று பேர், அந்த நேரத்தில்தான் தற்கொலை ஆபத்து மிகவும் அதிகம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே வீட்டில் இருந்த மருந்துகளை எல்லாம் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

முதல் டாக்டரைப் பார்த்ததிலிருந்து பைபோலார் என்ற சரியான பேர் வரும்வரை 11 வருஷம். இப்போது லித்தியம் என்ற மருந்து எடுக்கிறார். ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் குறித்த இடைவெளியில் சோதிக்கிறோம். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு உதவும் என்று எடுத்துக்காட்டிய மருந்து, இன்றைக்கும் என் வீட்டைக் காப்பாற்றுகிறது.

*

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். எனக்கு இருப்பது பெருமனச்சோர்வுதான். ஆனால் பைபோலார் பற்றிப் படித்தபிறகு ஒரு வருஷம் என்னையே நம்பாமல் இருந்தேன். தோழியின் கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரித்தால்கூட இது ஹைப்போமேனியாவோ என்று பயம் வரும். அந்த ஒரு வருஷத்து சந்தோஷங்களை நான் சந்தோஷமாக அனுபவிக்கவே இல்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. இரண்டு தடவை வரச்சொன்னார், அம்மாவிடம் தனியாகப் பேசினார். தூக்கம் வரவில்லை என்று நானும் சொல்லியிருந்தேன். "மறுநாள் எப்படி இருந்தீங்க?" என்றார். செத்துப் பிழைத்தேன் என்றேன். தூங்க முடியாமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு மாதம் தினமும் தூங்கிய மணி நேரத்தையும் மனநிலைக்கு ஒரு மதிப்பெண்ணையும் குறித்தேன். மேலே ஏறிய நாள் எதுவும் வழக்கமான நல்ல நாளைத் தாண்டவில்லை. மாத்திரையும் ஒழுங்காகக் கேட்டது, எந்த வேகமும் வரவில்லை. இனிமேல் மாறவே மாறாது என்று டாக்டர் சொல்லவில்லை, கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார். அது எனக்குப் போதும்.

*

மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். பைபோலார் இருக்குமோ என்று பார்க்க 13 கேள்வி கொண்ட படிவம் ஒன்று உண்டு, பலரும் அதை நிரப்பிவிட்டு முடிவே தெரிந்ததாக நினைக்கிறார்கள். அது சல்லடை மட்டும்தான். பைபோலாரையும் பெருமனச்சோர்வையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு பார்ப்பது வேறு காரணங்களை விலக்கத்தான்.

ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று குடும்பத்தினர் கேட்கும்போது நான் ஓர் ஆய்வைச் சொல்வேன். இரண்டாம் வகைக்காரர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். வாரங்களில் ஏறக்குறைய பாதி சோர்வில் போயிருந்தது, ஹைப்போமேனியா நூற்றுக்கு ஒரு வாரம் அளவுதான். அந்த ஒரு வாரத்தில் யாரும் எங்களிடம் வருவதில்லை. அதனால் சோர்வு சின்ன வயதில் தொடங்கியதா, அடிக்கடி வந்து சட்டென்று விலகுகிறதா, பிரசவத்துக்குப் பிறகு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்கிறோம். இதில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது, கேட்காமல் விடவும் கூடாது.

*

எல்லாம் படித்தேன், அண்ணா. மூன்று மாதமாக எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறேன். போன வருஷம் எப்படி இருந்தேன் என்று கேட்டால் எனக்கு நினைவே இல்லை. அதுவரை மாத்திரையை நிறுத்திவைக்கட்டுமா?

*

தம்பி, நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், சோர்வும் திரும்பலாம். நடுவில் தூக்கம் சட்டென்று குறைந்து உடம்பில் வேகம் ஏறினாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

நினைவில்லை என்பதற்குக் கவலைப்படாதீர்கள், எனக்கும் இல்லை. வீட்டில் உங்களோடு இருப்பவர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். போனில் பழைய மெசேஜ்களையும் தேதி பார்த்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். எனக்கு அதில்தான் கிடைத்தது. ஒரு மாதம் முழுக்க நண்பனுக்கு நான் அனுப்பியது இரண்டே வரி: "உடம்பு சரியில்லை", "அப்புறம் பேசறேன்". அதற்கு அடுத்த மாதம் ஒரே இரவில், 1:50 முதல் 4:30 வரை, 46 மெசேஜ். கடைசியில் அவன் கேட்டிருந்தான்: "டேய், நீ தூங்கவே மாட்டியா?" போனை அப்படியே டாக்டரிடம் நீட்டினேன், அவர் தேதியைக் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போய்வந்ததும் எழுதுங்கள்.