சீழ்ப்புண்ணில் யூரியா: 2 சதவீதமா, 40 சதவீதமா?

கேள்வி – மாணவி, ரோஸ்ஹில்
நீரிழிவுக் கால்புண் மொரீஷியசில் சாதாரணமாகிவிட்டதால் மென்திசுத் தொற்றில் யூரியா பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 1915இல் லான்செட் இதழில் சிம்மர்ஸ், கிர்க் இருவரும் அதைக் கிருமிகொல்லி என்கிறார்கள். 1936இல் ராபின்சன், ஆறாத சீழ்ப்புண்ணுக்கு 2 சதவீதக் கரைசலே போதும் என்கிறார். எதை எடுத்துக்கொள்வது? புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா மேல் சோதிக்க 40 சதவீதக் கரைசலை ஆட்டோகிளேவ் செய்யலாமா, அதாவது அழுத்த நீராவியில் கிருமிநீக்கலாமா?

பதில் – நுண்ணுயிரி ஆய்வகம், போர்ட் லூயி
ஆட்டோகிளேவ் வேண்டவே வேண்டாம். சூட்டில் யூரியா சிதைந்து அம்மோனியாவும் சயனேட்டும் வரும், பி.எச். (அமில-கார அளவு) ஏறும். பிறகு கிருமி செத்தது யூரியாவாலா காரத்தாலா என்று சொல்லவே முடியாது.

40 கிராமுக்கு 60 மி.லி. காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். கரையும்போது யூரியா வெப்பத்தை உறிஞ்சும். பீக்கர் சில்லிட்டு வெளிப்புறம் வியர்க்கும், கரைவதும் மந்தமாகும். அடுப்பில் ஏற்றாமல் 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்துக் கலக்குங்கள். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே 100 மி.லி.க்கு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அளவு பிசகும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கரும்புத் தோட்டத்து மூட்டை யூரியாவைத் தொடாதீர்கள். அதில் பையூரெட் என்ற மாசு இருக்கும். கட்டிதட்டாமல் இருக்க ஃபார்மால்டிஹைடு சேர்ப்பதும் உண்டு. அதுவே கிருமியைக் கொன்றுவிடும்.

2 சதவீத விஷயத்துக்கு விடை உங்கள் ஆய்வக அலமாரியிலேயே இருக்கிறது. கிருமி வளர்த்து இனங்காணும் ஊடகமான கிறிஸ்டென்சன் யூரியா அகாரில் இருப்பதும் 2 சதவீதம்தான். அதில் புரோட்டியஸ் சாவதில்லை. யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியால் அம்மோனியா உண்டாக்கி, சில மணி நேரத்தில் ஊடகத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு செறிவிலும் தொடக்க பி.எச்., இறுதி பி.எச். இரண்டையும் குறியுங்கள். யூரியா இல்லாமல், அதே பி.எச்.சுக்குக் கொண்டுவந்த கட்டுப்பாட்டுக் குழாய் (ஒப்பிட்டுப் பார்க்க) ஒன்றும் கட்டாயம்.

பதில் – மருந்தாளர், குவாத்ர் போர்ன்
ஆய்வக அண்ணன் சொன்னது சரி. 2 சதவீதத்தில் ராபின்சன் பேசுவது புண் ஆறுவதைப் பற்றி, கிருமி சாவதைப் பற்றி அல்ல. புரதத்தின் மடிப்பே அவிழ வேண்டுமானால் 8 மோலார் அளவுக்குப் போகவேண்டும், அதாவது 100 மி.லி.யில் 48 கிராம். புண்ணில் ஊறும் நீர் அந்தச் செறிவை நீர்த்துக்கொண்டே இருக்கும். வெறும் குழாயில் வந்த முடிவை நம்பாமல் சீரம் சேர்த்தும் பாருங்கள்.

பப்பெய்ன் (பப்பாளி நொதி)–யூரியா களிம்பைப் பற்றியும் படியுங்கள். யூரியா செத்த திசுவின் புரதத்தை விரித்துக் கொடுக்கும், பப்பெய்ன் வெட்டும். வெள்ளி உப்பு மருந்தோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கூடச் சேர்ந்தால் பப்பெய்ன் செயலிழந்துவிடும். கடும் ஒவ்வாமை வந்ததால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதியற்ற பப்பெய்ன் பூச்சுகளை நிறுத்தச் சொன்னது. இன்று யூரியாவுக்கு உறுதியான இடம் திறக்காத தோல்தான்: வறட்சிக்கு 10 சதவீதம், தடித்த தோலுக்கும் நகத்துக்கும் 40 வரை. நீரிழிவுக்காரர் குதிகாலில் பூசலாம். விரலிடுக்கில் வேண்டாம், தோல் ஊறிப்போகும்.

பதில் – அவசரப்பிரிவு
தேடும்போது இரத்த யூரியா கட்டுரைகளும் வந்து குவியும். அது வேறு சங்கதி, பிரித்து வையுங்கள். திசு அழுகும் தொற்றைச் சந்தேகிக்க உதவும் லிரினெக் என்ற இரத்தப் பரிசோதனை மதிப்பெண்ணில் யூரியா கிடையாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் லிட்டருக்கு 141 மைக்ரோமோலைத் தாண்டினால் 2 புள்ளி. மொத்தம் 6 வந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் குறைவாக வந்ததை நம்பி அறுவை மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.