பொருள்: ஆறாப்புண், கடத்தி, காவி

போர்ட் லூயிசிலிருந்து:
வணக்கம். காவடிக்கு முன்னால் கோவிலில் கொடுக்கவேண்டிய கால் பராமரிப்புத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இங்கே மொரீஷியசில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடந்தால் புண் வந்ததே தெரியாது. கடைசிப் பத்தியில் மரபணு சிகிச்சை வருகிறது. 2023-இல் அமெரிக்காவில் ஒரு ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. பெருகாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரசுக்குள் ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதத்துக்கான மரபணுவை வைத்து, வாரம் ஒருமுறை புண்மேல் சொட்டுவிடுகிறார்கள். மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைப்பது அந்தக் கொலாஜன்தான். அது பிறவியிலேயே தோல் உரியும் நோய்க்கு. சர்க்கரைப் புண்ணுக்கான மரபணு சிகிச்சைகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. மரபணுவைச் சுமந்துபோகும் வைரசுக்கு என்ன சொல் போட? புண்ணுக்கு 'ஆறாப்புண்' போட்டிருக்கிறேன்.

டர்பனிலிருந்து:
ஐயா, 'ஆறாப்புண்' வேண்டவே வேண்டாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் முக்காலத்துக்கும் பொது. நேற்றும் ஆறவில்லை, நாளையும் ஆறாது என்று நோயாளியிடமே சொல்வதா? 'நாள்பட்ட புண்' போதும். வைரசுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தாங்கிக்கடத்தி' இருக்கிறதே.

காத்ர் போர்னிலிருந்து:
கடத்தி என்றால் ஒன்று மின்சாரம், இல்லாவிட்டால் கள்ளக்கடத்தல். இலங்கையில் 'காவி' என்பார்கள், அதுவே நல்ல சொல். கா என்பது தோளில் சுமக்கும் தண்டு. புறநானூறு 206-இல் ஔவையார் 'காவினெம் கலனே' (கலங்களைக் காவில் சுமந்தோம்) என்று கிளம்பிவிடுகிறார். நம் காவடியும் அந்தக் கா-தான். குடிகளைச் சுமப்பதால் காவலன் என்பதும் இதே வேரோ என்று எனக்கு ஓர் ஊகம், உறுதியில்லை. காவிரியையும் பார்க்கவேண்டும்...

டர்பனிலிருந்து:
அக்கா, காவிரி இருக்கட்டும். காவி என்றதும் சனங்களுக்கு நிறந்தான் தோன்றும். காவடிக்கு வருபவர் கையில் கொடுக்கும் தாளில் வைரசுக்கு அந்தப் பெயரா?

போர்ட் லூயிசிலிருந்து:
சரி. தனிமடலில் எழுதியவர்களிலும் பலர் 'நாள்பட்ட புண்' பக்கம். அதையே போடுகிறேன். மற்றதற்கு இப்போதைக்கு 'மரபணுவைச் சுமந்துசெல்லும் வைரஸ்' என்று விரித்தே எழுதிவிடுகிறேன். என் பாட்டிக்கும் புரியும்.

காத்ர் போர்னிலிருந்து:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் அடுத்து பள்ளிப் பாடம் எழுதும்போது மூன்று சொல் நீளத்தை ஒவ்வொரு வரியிலும் இழுக்க முடியாது. அப்போது 'மரபணுக்காவி'யை மறுபடி கொண்டுவருவேன்.