மறுமொழி: ‘ரிஸ்க் ஃபேக்டர்’ – காரணியா, குறியா?

குழுவினருக்கு வணக்கம்.

கொலஸ்ட்ரால் பரிசோதனை பற்றிய துண்டறிக்கைக்கு நான் கேட்டது ஒரே ஒரு சொல்: ‘ரிஸ்க் ஃபேக்டர்’, அதாவது நோய் வரக்கூடும் என்று காட்டும் அளவு, பழக்கம் போன்றவற்றுக்குத் தமிழில் என்ன? உரையாடல் இழை இவ்வளவு நீண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ‘ரிஸ்க்’ என்பதற்கே நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதை முடிக்காமல் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ பக்கம் போக முடியாது.

‘அபாயம்’ என்றார் ஒரு நண்பர். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் அந்தச் சொல்தான் வருகிறது, உண்மை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதும் அதேதான். அங்கே கை வைத்தால் சாவு, விழுக்காடு எல்லாம் கிடையாது. ‘வாய்ப்பு’ என்றால் எதிர்த் தொல்லை. ‘மழைக்கு வாய்ப்பு’ என்று வானிலை அறிக்கை சொல்வது காதுக்கு உறுத்துவதில்லை, ஏனென்றால் மழை நமக்கு வேண்டியது. ‘மாரடைப்புக்கு நல்ல வாய்ப்பு’ என்று எழுதிப் பாருங்கள்!

‘இடர்’ நல்ல சொல். ஆனால் இடர் என்பது வந்துவிட்ட துன்பம். இடர் களைவது என்றால் வந்ததை நீக்குவது. புயலும் வெள்ளமும் வந்து போனதைத்தான் அரசு ‘பேரிடர்’ என்கிறது. ஆக மாரடைப்புதான் இடர், ‘ரிஸ்க்’ என்பது அது வரக்கூடிய அளவு. பள்ளிக் கணக்கில் நிகழ்தகவு படித்தவர்கள்தானே எல்லோரும்? அந்தத் ‘தகவு’ இங்கே கைகொடுக்கும். என் முன்மொழிவு: இடர்த்தகவு. ‘பத்தாண்டு இடர்த்தகவு 12 விழுக்காடு’ என்றால், இதே வயது, இதே அளவுகள் உள்ள நூறு பேரில் சுமார் 12 பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் இதயநோய் வரலாம் என்று பொருள். அந்தப் பன்னிரண்டில் நீங்கள் இருப்பீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஆபத்து’ என்று எழுதினால் இந்த நுணுக்கம் போய்விடுகிறது.

இனி ‘ஃபேக்டர்’. பெரும்பாலோர் ‘காரணி’க்கு வாக்களித்திருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948-இல் தொடங்கி அங்கே 5209 பேரைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு இதயநோய் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆய்வாளர்கள் கேனல், டாபர் முதலியோர் 1961-இல் எழுதிய கட்டுரைதான் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்ற சொற்றொடரை நிலைபெறச் செய்தது. அவர்கள் கண்டது ஒரு தொடர்பு: கொலஸ்ட்ராலும் இரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வந்தது. எது எதை உண்டாக்குகிறது என்பது வேறு கேள்வி. அதைப் பின்தொடர்ந்து பார்ப்பது மட்டும் தீர்க்காது, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோதித்தார்கள். ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல்லைக் குறைத்தால் என்ன ஆகும்? 1994-இல் ஸ்காண்டிநேவியாவில் 4444 இதய நோயாளிகளிடம் செய்த சிம்வாஸ்டாட்டின் (எல்டிஎல்லைக் குறைக்கும் மருந்து) ஆய்வில் இறப்பே குறைந்தது. சரி, அது காரணிதான். ஹெச்டிஎல்? நாம் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று கொண்டாடுவது. அது குறைவாக இருந்தவர்களுக்கு நோய் அதிகம் என்று ஃபிராமிங்ஹாமே காட்டியது. ஆனால் அதை மருந்தால் ஏற்றிய டார்செட்ராபிப் ஆய்வை 2006-இல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து தின்றவர்களிடையே இறப்பு கூடியிருந்தது. அந்த மருந்துக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும் கோளாறும் இருந்தது என்பார்கள். அப்புறம் வந்த டால்செட்ராபிப்பும் ஹெச்டிஎல்லை ஏற்றியது, பயன் மட்டும் ஒன்றுமில்லை. 2012-இல் அதையும் நிறுத்தினார்கள். ஆக ஹெச்டிஎல் எண் நோயை முன்கூட்டிக் காட்டுகிறது, ஆனால் அந்த எண்ணை மாற்றினால் நோய் மாறவில்லை. அதற்குக் ‘காரணி’ என்று பெயர் வைத்தால் நாமே வாசகரைத் தவறான பக்கம் அனுப்புகிறோம்.

எனவே பொதுச்சொல்லாக இடர்க்குறி. குறைத்தால் நோயும் குறைகிறது என்று நிலைபெற்றவற்றுக்கு மட்டும் இடர்க்காரணி: எல்டிஎல், இரத்த அழுத்தம், புகை. வயதையும் குறியென்றே சொல்லலாம், அதை யார் குறைத்துப் பார்ப்பது? ‘நோய்க்குறி’யோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். நோய்க்குறி, நோய் வந்தபின் உடம்பு காட்டுவது. கொலஸ்ட்ரால் கூடினால் பெரும்பாலோருக்கு வலியும் இல்லை, களைப்பும் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த வேறுபாட்டைத் துண்டறிக்கையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

(பழைய ‘நிமித்தம்’ என்ற சொல்லுக்குக் காரணம் என்றும் பொருள், சகுனம் என்றும் பொருள். நமது சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது! பல்லி விழும் பலன் நினைவுக்கு வரும் என்பதால் விட்டுவிட்டேன்.)

கொலஸ்ட்ராலைக் ‘கொழுப்பு’ என்று எழுதச் சொன்ன ஐயாவுக்கு: வேண்டாமே. பரிசோதனைத் தாளில் உண்மையான கொழுப்பு ட்ரைகிளிசரைடுதான். இரண்டும் ஒரே தாளில் வேறு வேறு வரிகளில் வருகின்றன. போதாக்குறைக்குப் பல இடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்குப் போடுகிறார்கள். 1972-இல் ஃப்ரீடுவால்ட் குழு தந்த வழி அது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. எல்லாவற்றையும் கொழுப்பு என்றால் இந்தக் கழித்தலை எப்படி விளக்குவது?

துண்டறிக்கையின் முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

“கொலஸ்ட்ரால் அளவு ஓர் இடர்க்குறி. அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மொத்தக் கொலஸ்ட்ரால் 240 என்று இருவருக்கு வரலாம். ஒருவர் புகைக்காத நாற்பது வயதுப் பெண், மற்றவர் புகைக்கும் அறுபது வயது ஆண். எண் ஒன்றுதான், இடர்த்தகவு ஒன்றல்ல.”

உரக்கப் படித்துப் பார்த்து, நாக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். ‘இடர்த்தகவு’ என் அம்மாவுக்கு இரண்டாவது முறைதான் சரியாக வந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.