1852-இல் ஒரிகன் சென்றவர்களின் உடை: ஓவியத்துக்கு உதவி தேவை

வணக்கம். 1852-இல் அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து மாட்டு வண்டியில் மேற்கே ஒரிகனுக்குக் குடியேறப் புறப்படும் ஒரு குடும்பத்தின் கதைக்கு ஓவியம் வரைந்து வருகிறேன். திரைப்படங்களைப் பார்த்த பழக்கத்தில், முதல் வரைவில் தந்தைக்குச் செப்பு ஆணி அடித்த ஜீன்ஸும் அகன்ற விளிம்புள்ள ஸ்டெட்சன் தொப்பியும் அணிவித்துவிட்டேன். ஆணி அடித்த கால்சட்டைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றதே 1873-இல்தான் என்றும், அந்தத் தொப்பி 1865-இல் வந்தது என்றும் தெரிந்ததும் இரண்டையும் அழித்தேன். இடுப்பு வாரும் போய், இப்போது தோள்வார் வந்திருக்கிறது.

தாயின் உடையில்தான் தடுமாறுகிறேன். முகத்தைக் குகைபோல மூடும் வெயில் தொப்பியில், துவைக்கும்போது உருவி எடுப்பதற்காகத் தனித்தனி உறைகளில் செருகிய அட்டைப் பட்டைகள், அணிந்த நிலையில் பக்கவாட்டிலிருந்து எப்படித் தெரியும்? பாவாடை காற்றில் எழும்பாதிருக்க விளிம்பில் ஈயக் குண்டுகளைத் தைத்திருந்தால், துணி எங்கே தொய்யும்?

அக்கால டாகுரோடைப் படங்களில் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த தொடக்ககாலப் புகைப்படங்கள்) மக்கள் பெரும்பாலும் தங்களிடமிருந்த நல்ல உடையில் அமர்ந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அவற்றில் இடம் வலமாக மாறித் தெரிவதால் பொத்தான் வரிசையை அப்படியே நம்பி வரைய முடியவில்லை. ஆகவே, ஒட்டுப்போட்டு உழைத்துத் தேய்ந்த உடைகளின் முதுகுப்புறமும் உள்தையலும் தெரியும் அருங்காட்சியகப் படங்கள் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். நிறத்துக்கு அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் தேர்ந்திருக்கிறேன். 1856-க்குப் பிந்தைய செயற்கைச் சாய ஊதாவைத் தவிர்த்துவிட்டேன்.