விழிப்புலன் குறைந்த மாணவி கணிதப் பிரிவில் கற்க விரும்பினால், பாடசாலையிடம் எதைக் கேட்கவேண்டும்?

கேள்வி: விஞ்ஞான மன்றச் செயலாளர், தரம் 12

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் உயர்தரக் கணிதப் பிரிவில் கற்கிறேன். எமது விஞ்ஞான மன்றத்தின் செயலாளர் பொறுப்பும் என்னிடம் உள்ளது. தரம் 11இல் கற்கும் தங்கை ஒருத்திக்கு ஒளியையும் இருளையும் பிரித்தறியும் அளவுக்கே பார்வை உண்டு. பிரெயிலில் வாசிப்பவள்; சமன்பாடுகளை மனத்தில் வைத்தே தீர்ப்பதில் எங்களுள் பலரைவிட வல்லவள். சாதாரண தரப் பரீட்சையின் பின் கணிதப் பிரிவில் சேரவேண்டும் என்பது அவளுடைய விருப்பம். "கலைப் பிரிவே உமக்கு நல்லது" என்பதைத் தவிர வேறு பதில் இதுவரை அவளுக்குக் கிடைக்கவில்லை. அமிலம் பட்டுவிடும் என்ற அச்சத்தால் ஆய்வுகூடத்திலும் அவள் ஓரமாக உட்காரவைக்கப்படுகிறாள். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் அந்த அன்பு ஒரு பாடத்துறையையே அவளுக்கு மூடிவிடுகிறது. மன்றத்தின் சார்பில் அதிபருக்குக் கடிதம் எழுதவிருக்கிறோம். சட்டத்தை எடுத்துக்காட்டுவதா, அல்லது வேறு எதை முன்வைத்தால் நடைமுறையில் மாற்றம் வரும்? அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், வடமராட்சி

பிள்ளை, சட்டத்தை ஒரு வரியில் எழுதுங்கள், அது போதும். இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதைப் படித்தவுடன் அதிபர் மறுக்கப்போவதில்லை, "ஆய்வுகூடத்தில் என்ன செய்வது?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கான விடையைக் கடிதத்துக்கு முன்னரே நீங்கள் செய்து காட்டவேண்டும்.

அமில மூல நியமிப்பை, அதாவது ஓர் அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு மூலம் தேவை என்று அளக்கும் சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். பினோல்ப்தலீன் என்ற காட்டி நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணால் பார்ப்பதே வழக்கம். ஆனால் இளஞ்சிவப்புக் கரைசல் பச்சை ஒளியை உறிஞ்சும். ஆகவே குடுவையின் ஒரு பக்கத்தில் பச்சை எல்.ஈ.டி ஒன்றையும் எதிர்ப்பக்கத்தில் ஒளியுணர் தடையி ஒன்றையும் பொருத்தி, அந்தத் தடையியை 555 ஐ.சி என்ற சிறு சில்லைக் கொண்டு ஒலி எழுப்பும் அலையச் சுற்றில் இணைத்துவிட்டால், நிறம் மாறும் முடிவுப்புள்ளியில் தடையியை அடையும் ஒளி குறைந்து, அதன் தடை கூடி, ஒலியின் மீடிறன் சட்டென்று இறங்கும். காது அதைத் தவறவிடாது. வெளிச்சம் புகாதபடி குடுவையைச் சுற்றிக் கறுப்புத் தாள் வையுங்கள். கோடிட்ட கண்ணாடிக் குழாயான அளவிக்குப் பதிலாக, ஊசி இல்லாத சிறிஞ்சின் தண்டில் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் ஒரு வெட்டு இட்டுவிட்டால் கனவளவை விரல் நகத்தால் எண்ணலாம். கரைசல்கள் ஐதானவையாக இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலவே கட்டாயமாக இருக்கட்டும். இந்தச் சுற்றுக்கான பொருட்கள் யாழ் நகரத்து இலத்திரனியல் கடைகளிலேயே கிடைக்கும்.

கீரட் வெர்மெய் என்ற உயிரியலாளர் மூன்று வயதிலேயே பார்வையை இழந்தவர். சங்கு, சிப்பிகளை விரல்களால் தடவி, நண்டுகள் உடைக்க முயன்று தோற்ற தழும்புகளைக் கண்டறிந்து, இரைக்கும் இரைகௌவிக்கும் இடையிலான நெடுங்காலப் போட்டியைப் பற்றி எழுதினார். காரைநகர்க் கடற்கரையில் நாங்கள் மிதித்துச் செல்லும் சிப்பிகளிலும் அத்தகைய தழும்புகளைத் தேடிப் பார்க்கலாம். உங்கள் மன்றம் அங்கே களப்பயணம் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2: மென்பொருள் சோதிப்பாளர், சுன்னாகம்

நானும் விழிப்புலன் இழந்தவன். முதலில் ஒன்று கேட்கவேண்டும்: கடிதத்தை அந்தத் தங்கைக்கு வாசித்துக் காட்டினீர்களா? கடிதத்தின் கீழ் அவளுடைய கையொப்பம் இருக்கவேண்டும். எந்த வசதி தேவை என்பதை அவளே சொல்லவேண்டும். நான் உயர்தரத்தில் கலைப் பிரிவில் கற்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் வேறெதுவும் எனக்குக் காட்டப்படவில்லை.

ஆய்வுகூடத்தைவிடப் பெரிய தடை பாடக்குறிப்புகளில் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் பல குறிப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின்றன. அதில் திரையில் தெரிவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் கோவை. திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே உளறும். அதே குறிப்பை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தால், 2006இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற மைக்கேல் கரன் உருவாக்கத் தொடங்கிய, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் அதைத் தமிழிலேயே வாசிக்கும். மாற்றும் செயலிகளும் இலவசமே. உங்கள் மன்றத்தில் தட்டச்சுத் தெரிந்த நால்வர் இருந்தால், ஒரு தவணையின் குறிப்புகளை மாற்றுவது பெரிய வேலையன்று. ஒளிப்படமாக எடுக்கப்பட்ட பக்கங்களை மட்டும் கொடுக்காதீர்கள்.

கணிதப் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுக்கும் வழியும் உண்டு. பொறியியற் பீடத்துக்கு அது உதவாது. கணினி சார்ந்த கற்கைநெறிகளை நாடுவோருக்கு உதவும். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இரசாயனவியல் கற்பிக்க இயலாது என்பதற்கான சாக்காக அந்த வழியைப் பயன்படுத்த யாரையும் விடாதீர்கள்.

பதில் 3: இணைந்த கணித ஆசிரியை, வலிகாமம்

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன்; ஆயினும் ஆசிரியரின் நிலையையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையியலில் விசைகளின் படம் இல்லாமல் ஒரு கணக்கும் நகராது. கரும்பலகையில் "இதை இதால் பிரித்தால்" என்று சுட்டிக்காட்டியே பேசிப் பழகியவர்களுக்கு, எழுதும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லப் பழகக் காலம் எடுக்கும். இறப்பர்த் தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடுகள் மேலெழும்பும். படங்களை இப்படி ஒரு நாள் முன்னரே வரைந்துதர மாணவர் ஒருவர் பொறுப்பேற்றால் ஆசிரியர் மறுக்கமாட்டார். கணிதக் குறியீடுகளுக்கான பிரெயில் முறையைக் விழிப்புலனற்ற பிள்ளைகளும் கற்கும் கைதடி நவீல்ட் பாடசாலை ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்கான மேலதிக நேரத்தையும் உதவியாளரையும் பற்றி அதிபர் ஊடாக இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் ஓடித்திரிவதால் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:

ஐயா, அண்ணா, ரீச்சர், மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "உதவி வேண்டும்" என்றிருந்த பந்தியை நீக்கி, யூனிகோடில் குறிப்புகள், தொட்டறியும் படங்கள், ஆய்வுகூடத்தில் ஓர் இடம் ஆகிய மூன்றையும் அவளே எழுதுவித்தாள். நியமிப்புக் கருவியை மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன் அமைத்து, அதிபர் முன்னிலையில் அவளே இயக்கிக் காட்டுவதென முடிவு செய்துள்ளோம். இணைந்த கணிதக் குறிப்புகள் எவரிடமாவது ஏற்கெனவே யூனிகோடில் இருந்தால் இங்கே தெரிவியுங்கள். இல்லாதவற்றை நாங்கள் தட்டச்சுச் செய்து, தேவைப்படும் எல்லோருக்கும் இங்கேயே பகிர்வோம்.